'முடிவு கூற இயலவில்லை' என்றால் 'ஒன்றுமில்லை' என்று பொருளா? உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளின் ஆய்வறிக்கை குறித்து ஒரு விளக்கம்

வெம்பக்கோட்டைப் பகுதியிலிருந்து ஐம்பது வயதைக் கடந்த பட்டாசுத் தொழிலாளி ஒருவர் புறநோயாளர் பிரிவிற்கு வந்திருந்தார். இடது காதுமடலுக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி, வலி இல்லை. மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த ஆய்வறிக்கை இரண்டு ஆண்டுகளுக்கு முந்தையது. ஊசி ஆய்வின் முடிவாக அதில் 'நான்-டயக்னாஸ்டிக்' என்று அச்சிடப்பட்டிருந்தது. பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டதால் விட்டுவிட்டதாக உடன் வந்த மகள் கூறினார்.

அந்தச் சொல்லின் பொருள் 'ஒன்றுமில்லை' என்பதன்று. 'எடுக்கப்பட்ட மாதிரியைக் கொண்டு எதுவும் சொல்ல இயலவில்லை' என்பதே அதன் பொருள். இந்த வேறுபாட்டை அன்று யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. அதனால் இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன.

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளை ஆராய்ந்து அறிக்கையிடும் முறை அண்மை ஆண்டுகளில் உலக அளவில் மாறியுள்ளது. ஊசி ஆய்வு அறிக்கைக்கான 'மிலன்' முறையின் இரண்டாம் பதிப்பு 2023இல் வெளிவந்தது. தலை, கழுத்துக் கட்டிகளுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு 2022இல் ஐந்தாம் பதிப்பாகத் திருத்தப்பட்டது. இம்மாற்றங்கள் மருத்துவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. அறிக்கையைக் கையில் பெறும் நோயாளியும் உடனிருந்து பேணுபவரும் அதிலுள்ள சொல்லை அறிந்தால்தான் அடுத்த அடியைச் சரியாக எடுத்துவைக்க இயலும்.

உமிழ்நீர்ச் சுரப்பிகள் எங்கே உள்ளன?

பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று இணைகளாக அமைந்துள்ளன. காதுக்கு முன்னும் கீழும் இருப்பது 'பரோடிட்' எனப்படும் கன்னச் சுரப்பி. கீழ்த்தாடை எலும்பின் அடியில் இருப்பது தாடைச் சுரப்பி. நாக்கின் அடியில் இருப்பது நாவடிச் சுரப்பி. இவற்றைத் தவிர உதடு, கன்னத்தின் உட்புறம், மேலண்ணம், தொண்டை ஆகிய இடங்களில் 600 முதல் 1,000 வரையிலான சிறு சுரப்பிகள் பரவியுள்ளன.

கட்டி தோன்றும் இடம் அதன் தன்மையை ஓரளவு உணர்த்தும். கன்னச் சுரப்பிக் கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு தீங்கற்றவை. தாடைச் சுரப்பியில் அந்த விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. நாவடிச் சுரப்பியில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய். எனவே வாய்க்குள் தோன்றும் சிறு கட்டியை, அளவைக் கண்டு அலட்சியப்படுத்துவது தவறு.

எல்லா வீக்கமும் கட்டியும் அன்று. சிறுவர்களுக்குக் காய்ச்சலுடன் இருபுறமும் வரும் 'பொன்னுக்கு வீங்கி' வைரஸ் தொற்று. அது ஓரிரு வாரங்களில் தானாகவே வடியும். உணவு உண்ணும்போது தாடையின் கீழ் வீங்கி, பின்னர் வற்றுவது பெரும்பாலும் உமிழ்நீர்க் குழாயில் அடைத்த கல்லைக் குறிக்கும். ஆனால், மூன்று வாரங்களுக்கு மேலாக வற்றாமல் ஒரு பக்கம் நிலைத்திருக்கும் கட்டிக்குத் தங்கச் சங்கிலி அணிவிப்பதும் வேப்பிலை அரைத்துப் பற்றிடுவதும் தீர்வாகா.

பட்டாசு மருந்துதான் காரணமா?

இப்பகுதியில் கழுத்தில் கட்டி கண்டவர்கள் முதலில் கேட்கும் வினா இது. பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியப் பொடி ஆகியவற்றை நாள்தோறும் கையாளும் ஒருவர் இவ்வாறு அஞ்சுவது இயல்பே.

உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்க்கு உறுதியாக நிறுவப்பட்ட காரணம் கதிர்வீச்சு. இரோசிமா, நாகசாகி அணுகுண்டு வீச்சில் உயிர் பிழைத்தவர்களிடமும், தலை, கழுத்துப் பகுதியில் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களிடமும் இக்கட்டிகள் கூடுதலாகக் காணப்பட்டன. கன்னச் சுரப்பியில் வரும் 'வார்தின்' கட்டி என்னும் தீங்கற்ற கட்டிக்கும் புகைபிடித்தலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பட்டாசுத் தயாரிப்பில் பயன்படும் பொருட்கள் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்க்கான நிறுவப்பட்ட காரணங்களின் பட்டியலில் இடம்பெறவில்லை.

பட்டாசு மருந்து தீங்கற்றது என்பது இதன் பொருளன்று. அதன் தூசு கண்ணையும் தோலையும் மூச்சுக் குழாயையும் உறுத்தும். முகக்கவசமும் வேலை முடிந்ததும் கைகழுவுதலும் இன்றியமையாதவை. வெயில் மிகுந்த இம்மாவட்டத்தில் போதிய நீர் அருந்தாமல் நெடுநேரம் உழைத்தால் உமிழ்நீர் சுரப்பது குறையும். அது சுரப்பித் தொற்றுக்கும் கல் அடைப்புக்கும் இடமளிக்கும். புகையிலை மெல்லுதல் வாய்ப் புற்றுநோய்க்கு உறுதியான காரணம். அந்நோய் கழுத்து நெறிக்கட்டியாக முதலில் வெளிப்படுவதும் உண்டு. எனவே கழுத்துக் கட்டியுடன் வருபவரின் வாயின் உட்புறத்தையும் மருத்துவர் பார்ப்பார்.

இம்மாவட்டத்தில் தொழில் ஏற்படுத்தும் பெரிய இடர், மருந்தைவிடக் காலத்தாழ்வுதான் என்பது என் கருத்து. தீக்காயம் பட்டவர் அந்த நொடியே மருத்துவமனைக்கு விரைகிறார். வலியற்ற கட்டி அவ்வாறு விரையச் செய்வதில்லை. உருப்படிக் கணக்கில் கூலி பெறுபவருக்கு ஒருநாள் விடுப்பு என்பது ஒருநாள் வருமான இழப்பு. வேலை உச்சத்தில் இருக்கும் மாதங்களில் 'தீபாவளி கழியட்டும்' என்று ஒத்திப்போடப்படும் பரிசோதனை, தீபாவளி கழிந்ததும் வேலையின்மை காரணமாக மீண்டும் ஒத்திப்போடப்படுகிறது.

ஊசி குத்தினால் நோய் பரவுமா?

கட்டியை ஆராய்வதில் முதற்படி, மருத்துவர் கையால் தொட்டுப் பார்ப்பதும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் ஆகும். அடுத்தது 'எஃப்.என்.ஏ.சி.' எனப்படும் நுண்ஊசி ஆய்வு. இரத்தம் எடுக்கப் பயன்படும் ஊசியைப் போன்ற, பெரும்பாலும் அதனினும் மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சில செல்களை எடுப்பார்கள். மயக்க மருந்து தேவையில்லை; சில நிமிடங்களில் முடிந்துவிடும்; அன்றே வீடு திரும்பலாம். எடுத்த செல்களைக் கண்ணாடி ஸ்லைடில் தடவிச் சாயமேற்றி, நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் காண்பார்.

ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. நுண்ஊசி ஆய்வினால் அவ்வாறு நேர்வது மிக மிக அரிது. மாறாக, ஆய்வே செய்யாமல் கட்டியைக் கீறிவிடுவதும், மேலோட்டமாகத் தோண்டி எடுப்பதும் உண்மையில் தீங்கு தருபவை. கன்னச் சுரப்பியின் ஊடே முகத்தசைகளை இயக்கும் நரம்பு செல்கிறது. அதில் காயம் பட்டால் கண் மூடாது, வாய் கோணும். மேலும், இச்சுரப்பியில் மிகுதியாகக் காணப்படும் 'பிளியோமார்ஃபிக் அடினோமா' என்னும் தீங்கற்ற கட்டியின் உறை கிழிந்தால், சிதறிய செல்களிலிருந்து பல ஆண்டுகள் கழித்துப் பல சிறு கட்டிகள் முளைக்கலாம்.

ஊசி ஆய்வு சிலரை அறுவையிலிருந்தே காக்கிறது. கன்னச் சுரப்பிக்குள் உள்ள நெறிக்கட்டியில் காசநோய் தோன்றுவது உண்டு. அதற்குத் தேவை மாத்திரை, கத்தி அன்று.

மிலன் முறை: ஆறு பிரிவுகள் கூறுவது என்ன?

முன்பு ஒவ்வோர் ஆய்வகமும் தனக்கு வழக்கமான சொற்களில் அறிக்கை எழுதியது. ஒருவர் எழுதிய 'ஐயத்திற்குரியது' என்ற சொல் இன்னொருவருக்கு வேறொரு பொருளைத் தந்தது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, 2015இல் இத்தாலியின் மிலன் நகரில் கூடிய வல்லுநர்கள் தொடங்கிய பணி 2018இல் முதற்பதிப்பாக வெளிவந்தது. அறிக்கையில் காணும் பிரிவு எண்ணின் பொருள் வருமாறு. புற்றுநோய் வாய்ப்பாகக் கீழே தரப்படும் விகிதங்கள் இரண்டாம் பதிப்பின் தோராய மதிப்பீடுகள். அவை பெரும்பாலும் அறுவை செய்துகொண்டவர்களைக் கொண்டு கணக்கிடப்பட்டவை என்பதால், ஒரு தனி மனிதரின் விதியாகக் கொள்ளத்தக்கவை அல்ல.

பிரிவு 1, 'நான்-டயக்னாஸ்டிக்': போதிய செல்கள் கிடைக்கவில்லை. புற்றுநோய் வாய்ப்பு சுமார் 15 விழுக்காடு. ஸ்கேன் உதவியுடன் மீண்டும் ஊசி ஆய்வு செய்துகொள்ள வேண்டும்.

பிரிவு 2, 'நான்-நியோபிளாஸ்டிக்': கட்டி வளர்ச்சி அன்று, தொற்று, அழற்சி, நெறிக்கட்டி போன்றவை. வாய்ப்பு சுமார் 11 விழுக்காடு. மருந்துக்குப் பின்னும் வீக்கம் வற்றாவிட்டால் மீண்டும் காட்ட வேண்டும்.

பிரிவு 3, 'ஏ.யு.எஸ்.': செல்களில் மாறுபாடு உள்ளது, அதன் பொருள் தெளிவாகவில்லை. வாய்ப்பு சுமார் 30 விழுக்காடு. மறு ஆய்வோ அறுவையோ தேவைப்படும்.

பிரிவு 4-ஏ, 'பினைன் நியோபிளாசம்': தீங்கற்ற கட்டி. வாய்ப்பு 3 விழுக்காட்டிற்கும் குறைவு.

பிரிவு 4-பி, 'சம்ப்': கட்டி என்பது உறுதி, தீங்கற்றதா, புற்றுநோயா என்பது ஊசி ஆய்வில் உறுதியாகவில்லை. வாய்ப்பு சுமார் 35 விழுக்காடு. பெரும்பாலும் கட்டியை முழுமையாக அகற்றி ஆராய்வதே வழி.

பிரிவு 5, 'சஸ்பீஷியஸ் ஃபார் மாலிக்னன்சி': புற்றுநோய் என்று வலுவாக ஐயுறத்தக்கது. வாய்ப்பு சுமார் 83 விழுக்காடு.

பிரிவு 6, 'மாலிக்னன்ட்': புற்றுநோய். இம்முடிவு 98 விழுக்காட்டிற்கும் மேல் சரியாக அமைகிறது.

இப்பட்டியலில் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, 'முடிவு கூற இயலவில்லை' எனப்பட்டவர்களிலும் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்குப் புற்றுநோய் இருந்துள்ளது. எனவே முதல் பிரிவு அறிக்கையோடு வீட்டிலிருந்துவிடக் கூடாது. இரண்டாவது, 'தீங்கற்ற கட்டி' என்பதற்கு 'அப்படியே விட்டுவிடலாம்' என்று பொருளில்லை. பிளியோமார்ஃபிக் அடினோமா பல ஆண்டுகள் அகற்றப்படாமல் இருந்தால் அதனுள் புற்றுநோய் தோன்றக்கூடும். ஆண்டுகள் கூடக் கூட அவ்வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே பெரும்பாலும் அதை அகற்றவே மருத்துவர் அறிவுறுத்துவார். முதியவர்களின் வார்தின் கட்டியை, உடல்நிலை கருதிக் கண்காணித்து வருவதும் உண்டு. எது பொருந்தும் என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.

அறுவைக்குப் பின் வரும் திசு அறிக்கை

ஊசி ஆய்வு சில செல்களை மட்டுமே காட்டும். கட்டி உறையைத் தாண்டிப் பரவியுள்ளதா, நரம்பைச் சூழ்ந்துள்ளதா என்பனவற்றை அகற்றப்பட்ட திசுவே காட்டும். ஆகவே இறுதி முடிவு அறுவைக்குப் பிந்தைய திசுப் பரிசோதனையில்தான் கிடைக்கும். ஊசி ஆய்வும் திசு ஆய்வும் வேறுபட்டால், யாரோ பிழை செய்துவிட்டதாக உடனே கருத வேண்டியதில்லை.

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள் உடலின் மிகப் பலவகைப்பட்ட கட்டிகளுள் அடங்கும். 1972இல் உலக சுகாதார நிறுவனம் இவற்றிற்கு முதல் வகைப்பாட்டை வெளியிட்டது. அதன்பின் புதிய பெயர்கள் சேர்ந்துகொண்டே வருகின்றன. எடுத்துக்காட்டாக, 'செக்ரீட்டரி கார்சினோமா' என்ற வகை 2010இல்தான் தனியாக விவரிக்கப்பட்டது. அதற்கு முன் அவற்றுள் பல 'அசினிக் செல் கார்சினோமா' என்ற பெயரில் அறிக்கையிடப்பட்டன. இவ்வகையில் காணப்படும் ஒரு மரபணு இணைவை இலக்காகக் கொண்ட மருந்துகள் இன்று உள்ளன. எனவே பெயர் மாறுவது வெறும் ஏட்டு மாற்றம் அன்று. நோய் பரவியவர்களுக்கு மருத்துவத் தேர்வையே மாற்றக்கூடியது. அதே வேளையில், பழைய ஸ்லைடை மறுபடி பார்த்துப் புதிய பெயர் இட்டால், நோய் மோசமாகிவிட்டது என்று அஞ்ச வேண்டாம். நோய் அதுவே, அதை அறியும் கண்தான் கூர்மையாகியுள்ளது.

திசு அறிக்கை புற்றுநோய் என்று கூறினால், மருத்துவரிடம் ஐந்து வினாக்களைக் கேளுங்கள். கட்டியின் வகை என்ன? அதன் வீரியம் குறைவா, கூடுதலா? வெட்டிய ஓரங்களில் கட்டி எஞ்சியுள்ளதா? நரம்பில் பரவியுள்ளதா? நெறிக்கட்டிகளில் உள்ளதா? கதிர்ச் சிகிச்சை தேவையா என்பது பெரும்பாலும் இவற்றின் விடைகளைப் பொறுத்தது. புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படும் 'மியூகோஎபிடெர்மாய்ட்' வகையில் வீரியம் குறைந்தவை அறுவையிலேயே குணமாகும் வாய்ப்பு அதிகம். 'அடினாய்ட் சிஸ்டிக்' வகையோ மெல்ல வளர்ந்து, நரம்பு வழியே பரவி, பத்தாண்டுகள் கழிந்தும் திரும்பக்கூடியது. அதற்கு நெடுங்காலக் கண்காணிப்பு வேண்டும்.

எங்கே செல்வது? எவற்றைக் காப்பது?

தமிழ்நாட்டின் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் 2022 ஜனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்டன. விருதுநகர் அவற்றுள் ஒன்று. அதற்கு முன் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் இம்மாவட்டத்தார் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ செல்ல வேண்டியிருந்தது. இப்போது சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டைப் பகுதி மக்கள் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவையோ பொது அறுவைப் பிரிவையோ அணுகலாம். அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முதலில் காட்டிப் பரிந்துரை பெற்றும் வரலாம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர்களுக்குச் சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உள்ளது. புற்றுநோய் உறுதியானவர்கள் மேல் சிகிச்சைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கும், பாலரெங்காபுரத்தில் உள்ள அரசு மண்டலப் புற்றுநோய் மையத்திற்கும் அனுப்பப்படுவது வழக்கம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அட்டை இல்லாதவர்கள் நோய் உறுதியாகும்வரை காத்திராமல் இப்போதே பெற்றுக்கொள்வது நலம். ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

பேணுபவர்களுக்கு நான்கு வேண்டுகோள்கள்:

முதலாவது, அறிக்கைத் தாள்களோடு, ஸ்லைடுகளும் மெழுகில் பதித்த திசுவான 'பிளாக்'கும் எந்த ஆய்வகத்தில் உள்ளன என்பதையும் அதன் ஆய்வக எண்ணையும் குறித்துவைக்க வேண்டும். மேல் மருத்துவமனையில் மறு ஆய்வுக்கு அவை தேவைப்படும். அதனால் மறுமுறை குத்துவதையோ வெட்டுவதையோ தவிர்க்கலாம்.

இரண்டாவது, அறுவை அரங்கிலிருந்து திசுவை உங்கள் கையில் கொடுத்து ஆய்வகத்திற்கு அனுப்பினால், அது ஃபார்மலின் திரவத்தில் மூழ்கியிருப்பதையும் பாட்டிலில் நோயாளியின் பெயர் இருப்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். தண்ணீரிலோ உப்புநீரிலோ வைத்த திசு அழுகிப் பயனற்றதாகிவிடும். காலத்தாழ்வின்றிச் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது, அறிக்கையை வாங்கிய அன்றே அதைக் கேட்டு எழுதிய மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆய்வகச் சன்னலில் சொல்லப்படும் ஒற்றைச் சொல்லை முடிவாகக் கொள்ள வேண்டாம்.

நான்காவது, முகம் ஒருபுறம் கோணுதல், கட்டி விரைந்து வளர்தல், கட்டியில் தொடர் வலி, தோலோடு ஒட்டி அசையாதிருத்தல், மரத்துப்போதல், கழுத்தில் புதிய நெறிக்கட்டி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் உடனே வர வேண்டும்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட தொழிலாளிக்கு ஸ்கேன் உதவியுடன் மீண்டும் ஊசி ஆய்வு செய்யப்பட்டது. முடிவு 4-ஏ. நரம்பைக் காத்துக் கட்டி முழுமையாக அகற்றப்பட்டது. திசு அறிக்கையும் தீங்கற்ற கட்டி என்றே உறுதி செய்தது. இரண்டு ஆண்டுத் தாமதம் அவருக்கு அந்த அளவில் கடந்தது. அதே அறிக்கையோடு வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் அவ்வாறே அமையும் என்று கொள்ள இயலாது. உங்கள் வீட்டில் பழைய ஊசி ஆய்வு அறிக்கை இருந்து, கட்டியும் இன்னும் இருந்தால், அதில் எழுதியுள்ள சொல்லை இன்று ஒருமுறை பாருங்கள். முதல் பிரிவோ மூன்றாம் பிரிவோ எனில், உங்கள் பரிசோதனை இன்னும் முடியவில்லை.